முக்கால் யூனிட்டும் மூன்றரை யூனிட்டும்

கடலிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீரைப் பிரித்தெடுக்க இயற்கை கேட்கும் குறைந்தபட்சக் கூலி ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரம். எந்த நாடு, எந்த இயந்திரம், எந்த ஒப்பந்தக்காரர் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி நிர்ணயித்த விலை அது. அதற்குக் கீழே பேரம் படியாது. அந்த விலையும் ஒரு கற்பனை ஆலைக்குத்தான் பொருந்தும்: பரந்த கடலிலிருந்து சொட்டுச் சொட்டாக, அவசரமே இல்லாமல் நீரை எடுக்கிற ஆலை. உள்ளே இழுத்த நீரில் பாதியை நன்னீராக்கியே தீரவேண்டும் என்றால், மீதி நீரில் உப்பு ஏறிக்கொண்டே போவதால், அந்த அடிவிலை ஒரு யூனிட்டைத் தாண்டிவிடும்.

இன்றைய நல்ல ஆலைகள் ஆயிரம் லிட்டருக்கு மூன்றிலிருந்து நான்கு யூனிட் வரை செலவழிக்கின்றன. முக்கால் எங்கே, மூன்றரை எங்கே! நடுவில் இருக்கும் அந்த இரண்டே முக்கால் யூனிட் எங்கெங்கே கரைகிறது, அதில் எவ்வளவை மீட்க முடியும் என்று பார்க்கத் தமிழ்நாட்டில் ஏற்ற இடம் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரைதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) கோவளத்தைக் கடந்து மாமல்லபுரம் போகும் வழியில் நெம்மேலி இருக்கிறது. அங்கே 2010 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை. குடிநீர் வாரியத்தாரின் பேச்சில் சொன்னால் 100 எம்.எல்.டி. ஆலை. அதே நெம்மேலியில் 150 எம்.எல்.டி. திறனுள்ள இன்னொன்று 2024 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. பக்கத்திலேயே பேரூரில் 400 எம்.எல்.டி. ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியுடன் 4,276 கோடி ரூபாய்த் திட்டம். மூன்றும் முழுத் திறனில் ஓடினால் 650 எம்.எல்.டி. ஆயிரம் லிட்டருக்கு 3.5 யூனிட் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 22 லட்சத்து 75 ஆயிரம் யூனிட். இதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் சுமார் 95 மெகாவாட் இடைவிடாமல் வேண்டும். இதே கடற்கரையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் இருக்கும் சென்னை அணுமின் நிலையத்தின் ஓர் அலகு 220 மெகாவாட். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, குடிநீருக்கு மட்டும்.

அந்த 3.5-ஐ 3.4 ஆக்கினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்கத் தோன்றும். நாளொன்றுக்கு 65,000 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீடுகள் என்று கணக்கிட்டால் 7,800 வீடுகளின் மின்சாரம். பத்தில் ஒரு யூனிட்டுக்காகப் பொறியாளர்கள் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் அழுத்தம். கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறக்குறைய 27 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அதாவது, உப்பை விடாமல் தண்ணீரை மட்டும் விடும் ஒரு மெல்லிய சவ்வின் ஒருபக்கம் கடல்நீரும் மறுபக்கம் நன்னீரும் இருந்தால், நன்னீர் தானாகவே கடல்நீரின் பக்கம் ஓடும். அந்த ஓட்டத்தை நிறுத்தவே 27 பார் கொடுக்க வேண்டும். திருப்ப வேண்டுமானால் அதற்கு மேல். உள்ளே போன நீரில் 40 சதவீதத்தை எடுத்தபின் மிஞ்சும் நீரில் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 58 கிராமாகிவிடும். அதன் எதிர் அழுத்தமோ 45 பாரைத் தொடும். அதையும் தாண்டித் தள்ளவேண்டும் என்பதால்தான் உயரழுத்தப் பம்புகள் 55, 60 பாரில் ஓடுகின்றன. கடலுக்கடியில் 600 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது.

இந்தச் சவ்வின் கதையில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1960-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிட்டேட்டில் ஒரு புதுவகைச் சவ்வைத் தயாரித்தார்கள். அதற்கு முன்பும் உப்பைத் தடுக்கும் சவ்வுகள் இருந்தன. ஆனால் அவற்றில் நீர் கசிவதற்குள் பொழுது விடிந்துவிடும். இவர்கள் செய்த சவ்வில் உப்பைத் தடுக்கும் அடுக்கு மிக மெல்லியது, அதைத் தாங்கும் அடுக்கு நுண்துளைகள் நிறைந்தது. நீர் வரும் வேகம் பல மடங்கு கூடியது. 1965-ல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் முதல் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) ஆலை ஓடியது. இன்று வேளச்சேரி வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கும் பெட்டிக்கும் நெம்மேலிக்கும் மூலம் அதுதான்.

சவ்வு கிடைத்த பிறகும் மின்செலவு கட்டுப்படியாகவில்லை. 1970 வாக்கில் ஆயிரம் லிட்டருக்குப் பதினைந்து யூனிட்டுக்கும் மேல். அது எப்படி இறங்கியது என்பதை ஒரு சிறு கணக்கே சொல்லிவிடும். ஆயிரம் லிட்டர் நீரை 60 பாருக்கு ஏற்ற 1.67 யூனிட் வேண்டும். ஆனால் ஆயிரம் லிட்டர் நன்னீர் கிடைக்க, 40 சதவீத ரெக்கவரியில் (அதாவது உள்ளே போகும் நீரில் 40 சதவீதம் நன்னீராகும்போது), 2,500 லிட்டரை ஏற்றியாக வேண்டும். அது 4.17 யூனிட். பம்பின் திறன் 88 சதவீதம் என்றால் 4.7 யூனிட். இதில் வேடிக்கை என்னவென்றால், சவ்வைக் கடக்காமல் வெளியே போகும் 1,500 லிட்டர் உப்புக் கரைசல் தன் அழுத்தத்தை அநேகமாக இழக்கவே இல்லை. உள்ளே வந்ததைவிட ஒன்றிரண்டு பார்தான் குறைவு. ஆரம்ப காலத்தில் அதை ஒரு வால்வில் விட்டு அழுத்தத்தை வீணடித்தார்கள். பிறகு அதைக்கொண்டு டர்பைன் சுற்றினார்கள்.

இப்போது பயன்படுவது அழுத்தப் பரிமாற்றி. நீளவாக்கில் துளைகள் கொண்ட ஒரு பீங்கான் உருளை சுழல்கிறது. ஒரு பக்கத்திலிருந்து அழுத்தமுள்ள கழிவுக் கரைசல் துளைக்குள் நுழைந்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் புதுக் கடல்நீரை நேரடியாக நெட்டித் தள்ளுகிறது. நடுவில் பிஸ்டன் கிடையாது, தகடு கிடையாது; நீரே நீரைத் தள்ளுகிறது. உருளை சுழலும் வேகத்தில் இரண்டும் கொஞ்சம்தான் கலக்கும். கழிவிலிருக்கும் அழுத்த ஆற்றலில் 95 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைத்துவிடுவதால், பெரிய பம்ப் ஏற்றவேண்டியது 2,500 லிட்டரை அல்ல, கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டரை மட்டுமே. 4.7 யூனிட் இரண்டேகால் யூனிட் அளவுக்கு இறங்கியது இப்படித்தான். கடலிலிருந்து இழுப்பது, முன்சுத்திகரிப்பு, சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்ப்பது, நகரத்துக்கு அனுப்புவது ஆகியவை மீதி ஒன்றேகாலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

சவ்வுகளை வரிசையாக அடுக்கும் விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எட்டு அங்குல விட்டமும் நாற்பது அங்குல நீளமும் கொண்ட சுருள்கள் ஆறு முதல் எட்டு வரை ஒரே குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பந்தியில் முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் ஒரே சாம்பார் வராது என்பது போலத்தான்: முதல் சுருளுக்குக் கடல்நீர் அப்படியே கிடைக்கிறது, அது தாராளமாக நன்னீர் தரும், கடைசிச் சுருளுக்கு வந்து சேர்வதோ கெட்டிப்பட்ட உப்புக் கரைசல். அதனால் முதல் சுருள்கள் அளவுக்கு மீறி உழைத்துச் சீக்கிரம் அழுக்கேறுகின்றன, கடைசிச் சுருள்கள் சும்மா இருக்கின்றன. முன்னால் உப்பை இறுக்கித் தடுக்கும் வகையையும் பின்னால் நீரைத் தாராளமாக விடும் வகையையும் கலந்து வைப்பது இதற்கு ஒரு பரிகாரம். புதிய பம்ப் எதுவும் வாங்காமல் செய்யக்கூடிய சீர்திருத்தம் இது.

இதுவரை சொன்னவை எந்த நாட்டு ஆலைக்கும் பொருந்தும். வங்காள விரிகுடா தன் பங்குக்குக் கொண்டுவரும் தொல்லைகள் தனி.

செங்கல்பட்டுக் கடற்கரையில் கடல்நீர் ஆண்டு முழுவதும் ஒரே நீர் அல்ல. ஐப்பசி பிறந்ததும் கரையோர நீரோட்டம் திசைமாறித் தெற்கு நோக்கி ஓடத் தொடங்கும். மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, அதற்கும் மேலே கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலில் கொட்டிய நன்னீரின் கலப்பு அப்போது நம் கரையோரமாக வருகிறது. உள்ளூர் மழையும் சேர்ந்துகொள்ளும். சதுரங்கப்பட்டினம், எடையூர்ப் பக்கத்துக் கழிமுகங்கள் திறந்துகொண்டு கலங்கல் நீரைக் கடலில் விடும். கோடையில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கும் உப்பு, வடகிழக்குப் பருவத்தின் உச்சத்தில் 30-க்கும் கீழே இறங்குவதுண்டு. உப்பு குறைந்தால் எதிர் அழுத்தம் குறையும், மின்சாரம் மிச்சமாகும். ஆனால் அதே மாதங்களில்தான் கடல் கலங்கி, மண்ணும் சேறும் வடிகட்டிகளை அடைக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்கிற பருவம்.

சூடும் ஒரு காரணி. நீர் ஒரு டிகிரி சூடேறினால் சவ்வின் வழியே வரும் அளவு சுமார் 3 சதவீதம் கூடும். தை மாதத்தில் 26 டிகிரியாகவும் சித்திரை, வைகாசியில் 30 டிகிரியாகவும் இருந்தால் 12 சதவீத வித்தியாசம். இப்போது ஓர் ஆலையின் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தையிலும் வைகாசியிலும் ஒரே அழுத்தம், ஒரே உப்பு, ஒரே உற்பத்தி. பார்ப்பவர் “ஆலை நன்றாக ஓடுகிறது, ஒரு மாற்றமும் இல்லை” என்பார். உண்மையில் நிலைமை மோசம்: சூடு கூடியதால் 12 சதவீதம் அதிகமாக வந்திருக்க வேண்டும், வரவில்லையென்றால் அந்த அளவுக்குச் சவ்வு அடைத்துக்கொண்டிருக்கிறது.

இதனால்தான் இந்தத் துறையில் பச்சையாகப் படித்த எண்ணை நம்புவதில்லை. வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றையும் ஒரு பொது நிலைக்குத் திருத்திய பிறகே ஒப்பிடுவார்கள். திருத்திய உற்பத்தி 10 சதவீதம் குறைந்தாலோ, சுருள்களுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு 10 முதல் 15 சதவீதம் கூடினாலோ, ரசாயனம் போட்டுக் கழுவ வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் பொதுவான விதி. கழுவுவதைத் தள்ளிப்போட்டால் அழுக்கு இறுகிவிடும். பிறகு கழுவினாலும் பழைய நிலை திரும்பாது. சீக்கிரம் சீக்கிரமாகக் கழுவினால் ரசாயனமே சவ்வைத் தின்றுவிடும். நல்ல பொறியாளரின் கைவண்ணம் தெரிவது இந்தத் தேதியைத் தீர்மானிப்பதில்தான் என்பேன். பம்ப் வாங்குவது யாருக்கும் வரும்.

சவ்வு அடைபடுமா என்பதை முன்கூட்டியே சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. பல கோடி ரூபாய் ஆலையின் தலைவிதியை ஒரு ரூபாய் நாணயத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விட்டமுள்ள காகித வட்டம் சொல்வதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பெயர் வண்டல் அடர்த்திக் குறியீடு. ஆலையில் எல்லோரும் எஸ்.டி.ஐ. என்பார்கள். 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிதாள், 0.45 மைக்ரான் துளை. முன்சுத்திகரிப்பு முடிந்து சவ்வுக்குப் போகவிருக்கும் நீரை, சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில் இந்தத் தாளின் வழியே விட வேண்டும். முதல் 500 மில்லி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரை நிறுத்தக்கூடாது, தொடர்ந்து ஓடவிட்டு, பதினைந்தாவது நிமிடத்தில் மறுபடி 500 மில்லி பிடித்து நேரம் பார்க்க வேண்டும்.

முதலில் 30 விநாடி, பிறகு 40 விநாடி என்றால் குறியீடு 1.7, நிம்மதி. பிறகு ஆனது 60 விநாடி என்றால் 3.3, கவனிக்க வேண்டும். 120 விநாடி என்றால் 5. அதற்கு மேல் போனால் அந்த நீரைச் சவ்வுக்கு விடவே கூடாது. உற்பத்தியைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். சோதனை முடிந்ததும் தாளை இடுக்கியால் எடுத்து உலர்த்தி, தேதியும் ஷிப்டும் எழுதிப் பதிவேட்டில் ஒட்டிவைக்கும் வழக்கம் பல ஆலைகளில் உண்டு. பழுப்பேறிய தாள் இரும்பையோ சேற்றையோ சொல்லும். பச்சை பாரித்திருந்தால் பாசி. ஓராண்டுத் தாள்களைப் புரட்டினால் அந்தக் கடலின் பருவங்கள் வரிசையாகத் தெரியும், கணினித் திரையில் வரும் கோடுகளைவிடத் தெளிவாக.

2019 ஆகஸ்டில் ஓர் இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆர். நெடுக ஜனங்கள் திரண்டு கைப்பேசியில் படம் பிடித்தார்கள். நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர் பெருகியதால் வந்த ஒளி அது. இப்படிப் பெருக்கெடுக்கும் நுண்ணுயிர்கள் குடிநீர் ஆலைகளுக்கு ஆகாது. அவை செத்துச் சிதையும்போது வெளிவரும் பசை போன்ற பொருள் வடிகட்டிகளில் ஒட்டும். வடிகட்டியைத் தாண்டினால் சவ்வில் ஒட்டும். மண்ணைப் படியவைத்துப் பிரித்துவிடலாம். பாசி கனமில்லாதது, படியாது. நுண்குமிழிகளைக் கீழிருந்து விட்டு அவற்றோடு அதை மேலே மிதக்கவைத்து வழித்தெடுக்கும் தொட்டிகள் இதற்கென்றே வந்தவை. இழுக்கும் குழாயிலேயே சிப்பிகள் குடியேறிவிடும் பிரச்சினையும் இருக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விப்பு நீருக்காகக் கடலுக்கடியில் அமைத்த 468 மீட்டர் சுரங்கத்தில் பச்சைச் சிப்பிகள் அப்பிக்கொண்டது கடல் உயிரியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம்.

கல்பாக்கத்தைத் தொட்டுவிட்டோம், அங்குள்ள இன்னொரு ஆலையையும் பார்த்துவிடலாம். ஏனென்றால் திறன் என்பதை ஒரே எண்ணால் சொல்லிவிட முடியாது என்பதற்கு அதுவே சாட்சி. பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கே அமைத்த அணுசக்தி உப்புநீக்கச் செயல்விளக்க ஆலையில் இரண்டு முறைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நாளொன்றுக்கு 18 லட்சம் லிட்டர் தரும் ஆர்.ஓ. பகுதி 2002-ல் ஓடத் தொடங்கியது. 45 லட்சம் லிட்டர் தரும் வெப்பப் பகுதி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. இதில் மின்நிலையத்திலிருந்து வரும் நீராவியால் கடல்நீரைச் சூடாக்கி, அழுத்தம் படிப்படியாகக் குறையும் அறைகளுக்குள் விடுவார்கள். ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் நீர் பொங்கி ஆவியாகும், அதைக் குளிர்வித்துப் பிடிப்பார்கள். ஒரு கிலோ நீராவியைக் கொடுத்தால் ஒன்பது கிலோ நன்னீர் கிடைக்கும்படியான வடிவமைப்பு.

இதை யூனிட்டுக்கு மாற்றினால் தலைசுற்றும். ஆயிரம் லிட்டருக்கு 68 யூனிட் வெப்பம்! மூன்றரைக்கும் அறுபத்தெட்டுக்கும் இடையே போட்டியே இல்லை என்று தீர்ப்பெழுதிவிட்டால் தவறாகிவிடும். வெப்ப யூனிட்டும் மின் யூனிட்டும் சமமல்ல. டர்பைனில் தன் வேலையில் ஒரு பகுதியை ஏற்கெனவே முடித்துவிட்ட நீராவி அது. மேற்கொண்டு விரியவிட்டிருந்தால் எவ்வளவு மின்சாரம் தந்திருக்கும் என்ற இழப்பைத்தான் செலவாக எழுத வேண்டும், அது 68-ல் ஒரு பகுதியே. கிடைக்கும் நீரும் வேறு: ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் உப்பு மிச்சம் இருக்கும். வெப்ப முறையில் வருவது ஏறக்குறைய வாலை வடிநீர். மின்நிலையக் கொதிகலனுக்கு அதுதான் தேவை, குடிப்பதற்கு முன்னது போதும். அத்தனையும் சேர்த்துப் பார்த்தாலும், குடிநீருக்கு ஆர்.ஓ.தான் மலிவு. உலகம் அந்தப் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

இனி, எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். இவ்வளவு நேரம் அளந்ததெல்லாம் ஆலையின் மதில் சுவருக்குள். ஆயிரம் லிட்டருக்கு 3.5 என்பது மதிலைத் தாண்டும் இடத்தில் உள்ள மீட்டரின் கணக்கு. யாரும் மதிலோரம் நின்று தண்ணீர் குடிப்பதில்லை. நெம்மேலி நீரின் பெரும்பகுதி வடக்கே, வேளச்சேரி, சோழிங்கநல்லூர், பழைய மகாபலிபுரம் சாலை என்று பல கிலோமீட்டர் போகிறது. வழியில் 30 சதவீதம் கசிந்து போனால், வீட்டுக் குழாயில் விழும் ஆயிரம் லிட்டருக்கு ஆன செலவு 3.5 அல்ல, 5 யூனிட். பொறியாளர்கள் பத்தாண்டு பாடுபட்டுச் சவ்விலும் பம்பிலும் மிச்சம் பிடிக்கக்கூடியது அரை யூனிட் இருக்கலாம். தெருவுக்கடியில் துருப்பிடித்த ஓர் இணைப்பு அதைப் போல மூன்று மடங்கை விழுங்கிவிடுகிறது. ஏரித் தண்ணீர் கசிவதும் கடல்நீர் கசிவதும் ஒன்றல்ல. பின்னதில் ஒவ்வொரு லிட்டரோடும் மின்சாரமும் மண்ணுக்குள் போகிறது.

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-ல் வெளியிட்ட சேவைத் தர அளவுகோல்களில், கணக்கில் வராத நீர் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எல்லா இணைப்புக்கும் மீட்டர் வேண்டும் என்றிருக்கிறது. சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது; மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். ஆலை வாசலில் துல்லியமான கருவி, தெருக்கோடியில் ஊகம். திறப்பு விழாச் செய்திகளைக் கவனித்திருப்பீர்கள்: எத்தனை கோடி ரூபாய், எத்தனை எம்.எல்.டி., எத்தனை லட்சம் மக்கள் பயன்பெறுவர் என்று வரும். ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட், அதில் வீடு சேர்வது எவ்வளவு என்ற வரி வருவதில்லை.

மதிலுக்குக் கடல் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 650 எம்.எல்.டி. நன்னீருக்கு, 40 சதவீத ரெக்கவரியில், நாளொன்றுக்கு 1,625 எம்.எல்.டி. கடல்நீரை இழுத்து 975 எம்.எல்.டி. உப்புக் கரைசலைத் திருப்பி விட வேண்டும். கரையிலிருந்து தள்ளி, ஆழத்தில், பல துவாரங்கள் வழியாகப் பீய்ச்சிக் கலக்கவிட்டால் உப்பு சீக்கிரம் சமனாகிவிடும் என்பது பொறியியலின் பதில். நெம்மேலி ஆலையை ஒட்டிய சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்களோ கரை அரிப்பையும் மீன்வரத்துக் குறைவையும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இந்தக் கடற்கரையில் அரிப்புக்குக் காரணங்கள் பல. எது எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. ஆனாலும் படகு நிறுத்த மணல் இல்லாமல் போவது ஆயிரம் லிட்டருக்கான யூனிட் கணக்கில் எங்கும் ஏறுவதில்லை.

காலத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் ரயில் சென்னை வில்லிவாக்கம் வந்தது. அந்த நாட்களில் கடலோர ஆலைகளின் யூனிட் கணக்கை யார் கேட்பார்கள்? தண்ணீர் வந்தால் போதும். ஏரிகள் நிரம்பி வழியும் ஆண்டில் அதே ஆலை ஊதாரிச் செலவாகத் தோன்றும். சிட்னி நகரம் 2010-ல் திறந்த ஆலையை அணைகள் நிரம்பியதும் 2012-ல் நிறுத்தி, 2019-ல்தான் மறுபடி ஓட்டியது. நம் ஊரில் அப்படி நிறுத்திவைக்கும் அளவுக்குத் தண்ணீர் தாராளமாக இல்லை. நிறுத்தினாலும் சவ்வுகளைக் காயவிடக் கூடாது, பதப்படுத்தும் கரைசலில் வைத்துக் காக்க வேண்டும். பாதித் திறனில் ஓட்டினாலோ, பம்புகளின் சுழற்சி வேகத்தை மாற்றும் வசதி இல்லாத ஆலையில், லிட்டருக்கான மின்சாரம் கூடும்.

இத்தனையும் கடந்து நீர் வீட்டுக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அங்கே சமையலறையில் இன்னொரு ஆர்.ஓ. பெட்டி காத்திருக்கிறது. வீட்டுப் பெட்டிகளில் ரெக்கவரி கால்வாசி அளவுதான். ஒரு லிட்டர் குடிக்க மூன்று லிட்டர் சாக்கடைக்கு. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் நீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. நெம்மேலி நீர் அந்த வரம்புக்குள் வரும்படி தயாரிக்கப்படுவது. ஏற்கெனவே உப்பெடுத்த நீரில் மறுபடி உப்பெடுத்து முக்கால் பங்கைக் கொட்டுகிறோம். ஆனால் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. காலையில் மெட்ரோ வாட்டர், மாலையில் லாரி, நடுவில் போர் தண்ணீர் என்று ஒரே சம்ப்பில் மூன்றும் கலக்கும் வீட்டில், எந்த வேளை எந்த நீர் வருகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சாக்கடையிலிருந்து கணக்கை மேலும் கொஞ்சம் நீட்டலாம். வழங்கிய நீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது நம் பொறியாளர்கள் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் அளவு. 650 எம்.எல்.டி.யில் 520. தென்சென்னைக் கழிவுநீர் பெருங்குடியில் சுத்திகரிக்கப்படுகிறது. அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பகுதியின் வடிகால் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது. முட்டுக்காடு நெம்மேலிக்கு வடக்கே, அதே ஈ.சி.ஆரில்.

சுத்திகரித்த அந்தக் கழிவுநீரில் உப்பு லிட்டருக்கு ஒன்றோ ஒன்றரையோ கிராம். கடல்நீரில் 35. உப்பின் எதிர் அழுத்தம் ஒரு பார் சுமாருக்கு வந்துவிடுவதால், பம்ப் 60 பாருக்கு ஏற வேண்டியதில்லை. சிங்கப்பூர் 2003-லிருந்து நியூவாட்டர் என்ற பெயரில் செய்துவருவது இதைத்தான். அங்கே ஆயிரம் லிட்டருக்குச் சுமார் ஒரு யூனிட், அதே ஊரின் கடல்நீர் ஆலைகளில் சுமார் மூன்றரை. சென்னையிலும் 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. திறனில் இப்படிப்பட்ட ஆலைகள் தொடங்கின. அந்த நீர் மணலிக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. இரண்டும் சேர்ந்து 90 எம்.எல்.டி. கடற்கரையில் 650-க்குத் திட்டம். 520-ல் பாதியை இவ்வாறு மீட்டுத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தால், ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை யூனிட் வித்தியாசத்தில், நாளொன்றுக்கு ஆறரை லட்சம் யூனிட் மிச்சம். அழுத்தப் பரிமாற்றியையும் சவ்வையும் எவ்வளவு மெருகேற்றினாலும் நெம்மேலியின் மதிலுக்குள் அவ்வளவு மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வழியில்லை.